“முதலில் நிறுத்திவிட்டு வா” என்று சொல்லாத இடம்

இதை எழுதட்டுமா என்று என் அக்கா மகனிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “எழுதுங்க மாமா. என் பேரும் வேணாம், அந்த இடத்துப் பேரும் வேணாம். அங்க வர்ற மத்த பசங்களும் இருக்காங்கல்ல.” அப்படியே எழுதுகிறேன். முடித்ததும் அவன் படிப்பான், வேண்டாம் என்பதை அடிப்பான். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தையும் சிறுவயதில் பட்ட மனக்காயத்தையும் சேர்த்துப் பார்க்கிற சிகிச்சைத் திட்டம் ஒன்றைப் பற்றியது இது. 16 வாரம். அங்கேயே தங்க வேண்டாம், வீட்டிலிருந்து போய்வரலாம். வாரத்துக்கு ஒரு அமர்வு பிள்ளைக்கு, ஒரு அமர்வு வளர்க்கிறவருக்கு. இருவருக்கும் தனித்தனி கவுன்சிலர். மாதம் ஒருமுறை மனநல மருத்துவர். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மிச்ச ஒன்றைக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது, சின்னக் காரணமும் இல்லை.

அவன் என்னிடம் வந்தபோது வயது 12. அதற்கு முன் அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். ஒருநாள் நடந்த விபத்து இல்லை, வருஷக்கணக்காக நடந்தது, பாதுகாக்க வேண்டிய ஆளே செய்தது. அது போதும். 14 வயதில் கஞ்சா ஆரம்பித்தான். 15இல் தூக்க மாத்திரை, கிடைத்தால் அதோடு குடி. பள்ளியில் அவனைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள்: அடங்காதவன், பொய்யன், கவனமில்லாதவன். நானும் அதில் இரண்டைச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் திட்டத்துக்கு வருமுன் இரண்டு இடம் ஏறி இறங்கினோம். ஒரு போதை மறுவாழ்வு மையத்தில், “முதல்ல பழக்கத்தை நிறுத்தட்டும், மனசுல இருக்கறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். ஒரு மனநல கிளினிக்கில், “போதை இருக்கற வரைக்கும் அந்த விஷயத்தைத் தொட முடியாது, நிறுத்திட்டு வாங்க” என்றார்கள். ஏழு மாதம் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைந்தோம். அதைவிடப் பெரிய குறை, அந்த மறுவாழ்வு மையத்தில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது. நிறுத்தினான். மூன்றாம் நாள் கை உதறியது, வியர்த்துக் கொட்டியது, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர்தான் விளக்கினார்: மாதக்கணக்கில் தினமும் போட்ட அந்த வகைத் தூக்க மாத்திரையையும், நாள்பட்ட கடும் குடியையும் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தச் சொன்னவர் யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளையை எங்கே கூட்டிப்போனாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: என்னென்ன எடுக்கிறான் என்று விசாரித்துவிட்டுத்தான் நிறுத்தச் சொல்கிறார்களா?

இந்த இடத்தில் விசாரித்தார்கள். அதுவும் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. முதல் நாள் நானும் அறையில் இருந்தேன். என்ன போடுகிறாய், எத்தனை போடுகிறாய் என்பதையெல்லாம் பிறகுதான் கேட்டார். கவுன்சிலர் அம்மாவின் முதல் கேள்வி, “அது உனக்கு என்ன செஞ்சு குடுக்குது தம்பி?”

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் சொன்னான், “சத்தம் கொறையுது.”

இரண்டு வருஷத்தில் நான் அவனிடம் கேட்ட கேள்விகளை எண்ணினால் ஒரு நோட்டு நிறையும். இதை நான் கேட்டதே இல்லை.

பிறகு அவர் ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டார். மேலே மூன்று: நடந்தது இப்போது நடக்கிற மாதிரியே திரும்ப வருவது, அதை நினைவுபடுத்தும் எதிலிருந்தும் விலகி ஓடுவது, ஆபத்து இன்னும் இருக்கிற மாதிரியே உடம்பு விழித்துக் காத்திருப்பது. கீழே மூன்று: கோபமோ துக்கமோ வந்தால் அடக்கவே முடியாமல் போவது அல்லது ஒன்றுமே உணராமல் மரத்துப்போவது, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று உள்ளுக்குள் உறுதியாக நம்புவது, யாரிடமும் நெருங்கவோ நெருங்கி நிற்கவோ முடியாமல் போவது. மேல் வரிசையோடு கீழ் வரிசையும் சேர்ந்து வாழ்க்கையைக் குலைத்தால் அது காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி, அதாவது சிக்கலான மனக்காய நோய். நீண்ட நாள், தப்பிக்க வழியில்லாமல் பட்ட கொடுமை ஆளையே வேறு மாதிரி ஆக்குகிறது, அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992லேயே சொன்னாராம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அதைச் சேர்த்தது. 2019இல் ஒப்புதல் ஆகி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஆறு கட்டத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான். “இதுக்கெல்லாம் பேர் இருக்கா?” என்று கேட்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடங்காதவன், பொய்யன் என்ற பட்டங்களுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்த முதல் பெயர் அது.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதனால் எனக்குக் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் பிடித்திருந்தது. இரண்டு வாரம், அவன் போதையில் இருந்ததாகத் தெரிந்த ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் குறிக்க வேண்டும். வீட்டில் யார் இருந்தார்கள், என்ன சத்தம், என்ன பேச்சு, விளக்கு எரிந்ததா. திட்டக் கூடாது, அறையைத் துழாவக் கூடாது, குறிப்பு மட்டும். அவனும் தன் கவுன்சிலரிடம் தனியாக ஒன்று எழுதினான். என் தாளில் ஒன்பது பதிவு. அதில் ஏழு, நான் வேலை முடிந்து தாமதமாக வந்த இரவுகள். தனிமையில் இருந்ததால் என்று நினைத்தேன். சீக்கிரம் வந்து பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை.

ஐந்தாம் வாரம், அமர்வு முடிந்து நடந்து வரும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னான், “சாவி, மாமா.”

அவ்வளவுதான் சொன்னான். என் சாவிக்கொத்தில் அலுவலகச் சாவி, பீரோச் சாவி, வண்டிச் சாவி என்று பதினொன்று இருந்தது. வாசலில் நின்று இருட்டில் சரியான சாவியைத் தேடுவேன். அந்த உலோகச் சத்தம் உள்ளே அவன் அறைவரை கேட்கும். அவனுடைய பழைய வீட்டிலும் இரவில் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும். நான்தான் வருகிறேன் என்று அவன் புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. மாத்திரை அதற்குத்தான்.

மறுநாளே வாசல் சாவியைத் தனியாக எடுத்து ஒரு துணிக்கயிற்றில் கட்டினேன். மற்றவை பையில். படியேறும்போதே “நான்தான்டா, மாமா வந்துட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, அப்புறம் கதவைத் திறக்கிறேன். இதனால் பழக்கம் போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆனால் நான் வந்ததும் அவன் அறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மெல்ல மெல்ல நின்றது. நாலு வருஷம் நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அவனைப் பயமுறுத்திக்கொண்டும் இருந்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக மட்டுமே இந்தத் திட்டத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வளர்க்கிறவர்களுக்கான அமர்வுகள் கிராஃப்ட் என்கிற முறையை ஒட்டியவை. ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது. கெஞ்சுவதும் மிரட்டுவதும் பலன் தருவதில்லை, கைகழுவி விடுவதும் ஒரே வழி இல்லை, நடுவில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது என்பது அதன் அடிப்படை. போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். தெளிவாக இருக்கிற நேரத்தை இனிமையாக்குங்கள், அவனோடு உட்காருங்கள். அவன் செய்ததன் விளைவை, உயிருக்கு ஆபத்து இல்லாத வரை, நீங்கள் ஓடிப்போய்த் துடைக்காதீர்கள். சொல்ல வந்ததைச் சுருக்கமாக, “நீ” என்று குற்றம் சாட்டாமல், “எனக்கு” என்று ஆரம்பித்துச் சொல்லுங்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. எனக்கு ஆறு வாரம் ஆனது.

அதில் ஒருநாள் என்னை அவனாக நடிக்கச் சொன்னார்கள். கவுன்சிலர் நானாக நடித்தார். நான் அதுவரை அவரிடம் சொல்லியிருந்த என் வார்த்தைகளையே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். “உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா?” நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பதினாறு வயதுப் பையன் அதற்கு என்ன பதில் சொல்வான்? என்னை வளர்க்காதே என்று சொல்வானா? அன்றிலிருந்து அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை.

பாதுகாப்புக்கென்று முழுதாக ஒரு அமர்வு ஒதுக்கியதுதான் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்பேன். பிள்ளை மறுபடி எடுக்கவே மாட்டான் என்று நடிக்காமல், எடுத்தால் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்த முதல் இடம். வீட்டில் மாத்திரைகள் பூட்டில் இருக்க வேண்டும். குடியும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். கொஞ்ச நாள் விட்டிருந்துவிட்டு பழைய அளவையே எடுப்பதுதான் மிகவும் ஆபத்தான நேரம், உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியில் வாங்குகிற மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவனுக்கே தெரியாது, ஓபியாய்டு (அபின், ஹெராயின் வகை) இருக்கலாம். அதனால் நலோக்சோன் என்ற முறிவு மருந்து பற்றிச் சொன்னார்கள். ஓபியாய்டால் நின்ற மூச்சை அது மீட்கும், குடிக்கோ தூக்க மாத்திரைக்கோ வேலை செய்யாது. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேகம் குறைந்துவிடும், ஆகவே கொடுத்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஒருமுறை அவன் பெயிண்ட் தின்னர் முகர்ந்துவிட்டு ஓடியபோது நான் கத்திக்கொண்டே துரத்தினேன் என்று சொன்னேன். கவுன்சிலர் பேனாவைக் கீழே வைத்தார். “இனிமே துரத்தாதீங்க சார். அந்த நேரத்துல பயமும் ஓட்டமும் சேர்ந்தா இதயம் தாளம் தப்பி நின்னு போயிடலாம். பக்கத்துல அமைதியா இருங்க, காத்து வர வையுங்க.” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த அமர்வில் அவனும் இருந்தான். நினைவிழந்து ஆனால் மூச்சு இருக்கிற ஆளை எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று தரையில் பாய் விரித்துப் பழக்கினார்கள். முதலில் நான் அவனைப் புரட்டினேன். பிறகு நான் மல்லாந்து படுக்க, அவன் என்னை. என் பக்கத்துக் கையை விரித்து வைத்தான். மறு கையைப் பிடித்து, புறங்கை என் கன்னத்தில் படும்படி கொண்டுவந்தான். முழங்காலை மடக்கி, மெதுவாகத் தன் பக்கம் உருட்டினான். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாயருகே காதை வைத்து என் மூச்சைக் கேட்டான். என்னைத் தொட்டால் சுருங்குகிற பிள்ளை அவன். தோளில் கை போட்டால் விலகுவான். அன்று அவனாக என் தலையைப் பிடித்து நேராக வைத்தான். கண்ணை மூடியே கிடந்தேன். “மாமா, முடிஞ்சுருச்சு, எந்திரிங்க” என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு.

பழைய காயத்தை நேரடியாகத் தொட்டது ஒன்பதாம் வாரத்துக்கு மேல்தான். அதுவரை உடம்பை அமைதிப்படுத்தும் பயிற்சிகள். அவனுக்குப் பிடித்தது குளிர்ந்த தண்ணீர். பதற்றம் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிஷம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தானாகக் குறையும். தண்ணீரில் மூழ்கும்போது உடம்பு இயல்பாகச் செய்கிற காரியம் அது. (இதயக் கோளாறு இருக்கிறவர்கள் செய்யக் கூடாது என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டார்கள்.) என்ன நடந்தது என்று அவன் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் ரகசியம் பற்றி நான் முதலில் சண்டையே போட்டேன். சிறுநீர்ச் சோதனை முடிவைக்கூட அவன் சம்மதமில்லாமல் எனக்குச் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால், அல்லது யாராவது அவனுக்குக் கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் சொல்வார்கள், அதையும் அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வளர்க்கிறவன் நான், எனக்குத் தெரியாமல் என்ன வைத்தியம் என்று குரலை உயர்த்தினேன். பதினோராம் வாரம் அவன் மறுபடி மாத்திரை போட்டான். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனே வந்து சொன்னான். இதற்கு முன் நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அவனாக வந்து சொன்னதில்லை. திட்டத்திலிருந்தும் விலக்கவில்லை. அந்த வாரம் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்து, மருத்துவர் மருந்துக் குறைப்பின் வேகத்தைத் தளர்த்தினார். கஞ்சா அடிக்கடி புகைத்தவர்களுக்குச் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும், அதை வைத்து ‘நேற்றுப் போட்டாயா’ என்று விசாரிக்க முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முன்பு வீட்டில் ஒரு கிட் வாங்கிவந்து நான் அவனைப் பொய்யன் என்று சொன்ன நாள் ஒன்று உண்டு. மன்னிப்புக் கேட்டேன்.

இனி அந்த ஒரு புள்ளி.

ஆறாம் வாரம் அவனுடைய கவுன்சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாள் முன்னால்தான் சொன்னார்கள். வேறு யாருக்கும் இது பெரிய விஷயம் இல்லை என்று இருக்கலாம். நெருங்கிய ஆட்கள் சொல்லாமல் மறைந்து போவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு ஆளை நம்பி வாய் திறந்த அடுத்த வாரமே அந்த நாற்காலியில் வேறு முகம். இரண்டு அமர்வு அவன் போகவில்லை. “இவங்களும் அவ்ளோதான்” என்றான். எழுத்தில் புகார் கொடுத்தேன். பழையவரை ஒருமுறை வரவழைத்து, புதியவரோடு சேர்த்து உட்கார வைத்து, முறையாக விடைபெறச் செய்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மனக்காயத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு வலித்தது.

இரவு எண் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் வருவது பெரும்பாலும் இரவில். காத்திருப்புப் பட்டியல் ஒன்பது வாரம், அந்த ஒன்பது வாரமும் ஒரு போன்கூட வரவில்லை. முதல் நாள் மூன்று வெவ்வேறு ஆட்கள் மூன்று படிவத்தோடு வந்து அவன் கதையை முதலிலிருந்து கேட்டார்கள். மூன்றாம் ஆளிடம் அவன் எதற்கும் “தெரியாது” என்றே சொல்லிவிட்டான். பதின்ம வயதினரின் குழு அமர்வு சுமார். ஒரு தடவை வந்தவுடன், எங்கே என்ன கிடைக்கும் என்று புதிதாகத் தெரிந்துகொண்டு வந்ததை அவனே சொன்னான். இன்னொரு பெரியவர் அறையில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு இது ஒத்துவருமா? தினமும் மாத்திரையோ குடியோ எடுத்து, நிறுத்தினால் உடம்பு உதறுகிற நிலை என்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு இது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு இருந்தால் காத்திருப்புப் பட்டியலில் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கொடுமை செய்த ஆள் இன்னும் அதே வீட்டில் இருந்தால் எந்த அமர்வும் பலிக்காது, அந்த ஆளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதுதான் முதல் வைத்தியம். பிள்ளையை விட்டுவிட்டுப் போய், சரியாக்கிக் கொடுங்கள் என்று கேட்கிற எண்ணம் இருந்தாலும் இது வேண்டாம். என்னை அவர்கள் அவனுக்குச் சமமாக வேலை வாங்கினார்கள்.

இப்போது அவனுக்கு 17. மாதம் ஒருமுறை போய்வருகிறான். மாத்திரை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. கஞ்சா முழுதாக நிற்கவில்லை. எப்போது எடுத்தான் என்று சில சமயம் சொல்கிறான், சில சமயம் சொல்வதில்லை. பள்ளிக்குப் பாதி நாள் போகிறான்.

இதை நேற்று படித்தான். இரண்டு இடத்தில் அடித்தான், எடுத்துவிட்டேன். பாயில் என்னை உருட்டிய பகுதியை அடிப்பான் என்று நினைத்தேன், விட்டுவிட்டான். கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னான். “அந்த ரூம்ல கதவுக்குப் பக்கத்துல ஒரு சேர் இருக்கும் மாமா. மொத நாள் நான் அதுல போய் உக்காந்தேன். உள்ள வந்து உக்காருன்னு யாருமே சொல்லல. அதை எழுதுங்க.”